வயல்ல வேலை செய்றவங்களை ஒண்ணு சேக்கணுமா, தண்ணியப் பத்தி கேட்டு ஆரம்பிங்க

விவசாயக் கூலி வேலை செய்றவங்களுக்காக ஏதாவது பண்ணணும்னு கிளம்புற நிறைய பேர் மொதல் வேலையா ஒரு கூட்டம் போட்டுடுறாங்க. மைக்கைப் புடிச்சு உரிமை, சட்டம், கூலின்னு ஒரு மணி நேரம் பேசுவாங்க, வந்தவங்க பகல் முழுக்க வெயில்ல நின்ன அசதியில தலையாட்டிட்டு எந்திரிச்சுப் போயிடுவாங்க, அடுத்த கூட்டத்துக்கு பாதிப் பேர் கூட வரமாட்டாங்க. நானும் இப்படித்தான் ஒரு வருஷத்தை வீணாக்கினேன், அதனால சொல்றேன், கூட்டம் போடுறதை கொஞ்ச நாள் தள்ளி வைங்க. மொதல்ல வீடு வீடா போங்க.

எப்படிப் போறதுன்னா, சாயங்காலம் அவங்க குளிச்சு சாப்பிட்டு கொஞ்சம் உக்காந்திருக்கிற நேரமா பாத்துப் போங்க, ரெண்டு பேரா போங்க, அதுல ஒருத்தர் கண்டிப்பா அதே மாதிரி வயல்ல வேலை செஞ்சவரா இருக்கணும். ஃபார்ம், பேனா எதையும் கையில எடுத்துட்டுப் போகாதீங்க, பேப்பரைப் பாத்தா சென்சஸோ கடன்காரனோன்னு பேச்சு நின்னு போயிடும். "உங்களுக்கு என்ன பிரச்சனை"ன்னும் கேக்காதீங்க, அதுக்கு எங்க போனாலும் ஒரே பதில்தான், "ஒரு குறையும் இல்லங்க, நல்லாத்தான் போகுது". அதுக்குப் பதிலா இன்னைக்கு நடந்ததைக் கேளுங்க. இன்னைக்கு எத்தனை மணிக்கு வண்டி வந்துச்சு, எந்தப் பக்கம் வேலை, யாரு மேஸ்திரி, மத்தியானம் எங்க உக்காந்து சாப்பிட்டீங்க, தண்ணி எங்கேருந்து குடிச்சீங்க.

இந்தக் கடைசிக் கேள்வியை எங்கயும் விட்டுடாதீங்க. ஒரு அக்கா வீட்டுல அரை மணி நேரம் பேசிட்டோம், எல்லாமே நல்லாத்தான் இருக்குன்னே சொல்லிட்டு இருந்தாங்க, சும்மா தண்ணியப் பத்தி கேட்டேன். "தண்ணியா, வேலைக்குப் போனா நான் குடிக்கவே மாட்டேன் தம்பி"ன்னாங்க. ஏங்க்கான்னேன். "குடிச்சா ஒதுங்கணும்ல, ஒதுங்க எங்க இடம் இருக்கு"ன்னு சொல்லிட்டு புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கிட்டாங்க. அவ்ளோதான் பேச்சு. ஆனா அந்த ஒரு பதில்ல கழிப்பறை இல்லாதது இருக்கு, வருஷத்துக்கு நாலு தடவை வர்ற நீர்க்கடுப்பு இருக்கு, பொம்பளைங்க அதை வெளிய சொல்ல முடியாம தவிக்கிறது இருக்கு, வெயில்ல மயங்கி விழறது இருக்கு. மத்திய அமெரிக்காவுல, குறிப்பா எல் சால்வடார், நிகரகுவா பக்கம் கரும்பு வெட்டுற ஆளுங்க சின்ன வயசுலயே, சர்க்கரை வியாதியோ பிரஷரோ எதுவும் இல்லாமயே, சிறுநீரகம் போய் சாகுறாங்க, அதுக்கு முக்கியமான ஒரு காரணமா ஆராய்ச்சியாளர்கள் சொல்றது கடும் வெயில்ல உடம்பு வறண்டு போய் விடாம வேலை செய்றதைத்தான். அங்க வச்ச தீர்வுக்குப் பேரே தண்ணி, ஓய்வு, நிழல்தான். அதனாலதான் சொல்றேன், எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியலைன்னா தண்ணியில ஆரம்பிங்க, மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடியே வரும்.

இன்னொரு கேள்வியும் எல்லார்கிட்டயும் கேளுங்க: "உங்களுக்கு ஒண்ணுன்னா மொதல்ல யார்கிட்ட போய் சொல்லுவீங்க?" பதினஞ்சு இருபது வீடு முடிச்சதும் பாருங்க, ரெண்டு மூணு பேர் பெயரு திரும்பத் திரும்ப வரும். சத்தமா பேசுறவரா இருக்கமாட்டாங்க பெரும்பாலும், பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு காய்ச்சல்னா ராத்திரியில எந்திரிச்சு வர்ற ஆளா இருப்பாங்க, மேஸ்திரி ஒருத்தர் கூலியைக் குறைச்சா கூடப் போய் நிக்கிற ஆளா இருப்பாங்க. உங்க தலைவர் அவங்கதான். நீங்க இல்ல. வெளியேருந்து வர்றவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், நீங்க நடுவுல உக்காந்தீங்கன்னா நீங்க ஊருக்குப் போன அன்னைக்கு எல்லாம் கலைஞ்சிடும்.

அப்புறம் அந்த ரெண்டு மூணு பேர் வீட்டுல சின்னதா ஒரு கூடல், ஆறேழு பேர் போதும், அதுல வந்தவங்கள்ல ஒருத்தர் அடுத்த வாரம் தன் வீட்டுக்கு ஆளைக் கூப்பிடணும், அப்படியே நகரணும். கலிஃபோர்னியாவுல ஃபிரெட் ராஸ்னு ஒருத்தர் இந்த வீட்டுக் கூட்ட முறையை வச்சுத்தான் ஆளுங்களை சேத்தார், அவர்கிட்ட கத்துக்கிட்டவங்கதான் பின்னாடி அங்க விவசாயத் தொழிலாளர் சங்கத்தையே கட்டினாங்க. பெரிய மண்டபமெல்லாம் ஒண்ணும் இல்ல, நாலு நாற்காலிதான்.

ஒரே மொழி, ஒரே ஊர் ஆளுங்களை மட்டும் சேத்தா வேலைக்கு ஆகாது, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்லிடுறேன். 1965 செப்டம்பர் 8-ல கலிஃபோர்னியாவுல டெலானோங்கற ஊர்ல திராட்சை பறிக்கிற பிலிப்பைன்ஸ் தொழிலாளிங்க லாரி இட்லியாங் தலைமையில வேலையை நிறுத்தினாங்க. அதுக்கு முன்னாடியெல்லாம் என்ன நடக்கும்னா ஒரு கூட்டம் வேலையை நிறுத்தினா பண்ணைக்காரங்க இன்னொரு கூட்டத்தை இறக்கிடுவாங்க, பிலிப்பைன்ஸ்காரங்களுக்கு எதிரா மெக்சிகோகாரங்க, அவங்களுக்கு எதிரா இவங்கன்னு. இந்தத் தடவை எட்டு நாள்ல, செப்டம்பர் 16-ல, டொலோரஸ் ஹுவெர்ட்டாங்கற பெண் தலைவர் இருந்த மெக்சிகோ வம்சாவளி தொழிலாளிங்க சங்கமும் ஓட்டுப் போட்டு கூடச் சேந்துடுச்சு. அஞ்சு வருஷம் ஆச்சு, ஆனா 1970-ல திராட்சை முதலாளிங்க ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க. அதனால உங்க இடத்துல எத்தனை மொழி பேசுறாங்களோ அத்தனை மொழியிலயும் ஒருத்தர் மொதல் நாள்லேருந்தே கூட இருக்கட்டும், மொழிபெயர்க்கிறவரை கடைசியில சேத்துக்கலாம்னு விடாதீங்க.

உடம்பு வரைபடம், நோட்டு

கூடல்ல என்ன பேசுறதுன்னு முழிக்க வேண்டாம். ஒரு பெரிய பேப்பர்ல ஆள் உருவம் வரைஞ்சு சுவத்துல ஒட்டுங்க, முன்பக்கம் ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு. ஆளுக்கு ஒரு சிவப்பு ஸ்கெட்ச் குடுத்து எங்க வலிக்குதோ அங்க புள்ளி வைக்கச் சொல்லுங்க. பொம்பளைங்களுக்குத் தனியா, ஆம்பளைங்களுக்குத் தனியா வைங்க, இல்லன்னா பாதிப் புள்ளி விழாது. எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் இதுல சமமா பேசலாம். கொஞ்ச நேரத்துல இடுப்புப் பக்கம் செக்கச்செவேல்னு ஆயிடும், கையில, கண்ணுல, நெஞ்சுல எல்லாம் புள்ளி விழும், எல்லாரும் எந்திரிச்சுக் கிட்ட வந்து பாப்பாங்க, எனக்கு வயசாயிடுச்சு அதான் வலிக்குதுன்னு நெனச்சிட்டு இருந்த ஆளு, "ஓ உனக்குமா"ன்னு கேட்பார். அந்த நிமிஷத்துலதான் தன் உடம்பு நோவு எல்லாரோட வேலைப் பிரச்சனையா மாறுது.

இது வெறும் பேச்சு இல்ல. கலிஃபோர்னியாவுல காய்கறி வயல்ல குட்டைக் கைப்பிடி களைக்கொட்டு குடுத்து நாள் முழுக்க குனிஞ்சே வேலை வாங்கினாங்க, குனிஞ்சிருந்தா வேலை செய்றான், நிமிந்தா சும்மா நிக்கிறான்னு மேஸ்திரி தூரத்துலேருந்தே கண்டுபுடிச்சுடலாம்ல, அதுக்கு அது வசதி. தொழிலாளிங்க தங்க முதுகைப் பத்தி சாட்சி சொன்னாங்க, டாக்டர்களும் கூட வந்து முதுகெலும்பு எப்படி நாசமாகுதுன்னு சொன்னாங்க, 1975-ல அந்தக் கருவியையே தடை பண்ண வச்சுட்டாங்க. உங்க பேப்பர்ல சிவப்பு எங்க குவியுதோ அங்க இப்படி ஒரு களைக்கொட்டு ஒளிஞ்சிருக்கும், அது என்னன்னு எல்லாரும் சேந்து தேடுங்க.

அடுத்தது நோட்டு. ஒவ்வொரு கேங்லயும் ஒருத்தர் ஒரு சின்ன நோட்டு வச்சுக்கணும், தேதி, வண்டி ஏறின நேரம், வேலை முடிஞ்ச நேரம், எத்தனை கூடை, எவ்ளோ சொன்னாங்க, கையில எவ்ளோ குடுத்தாங்க, எதுக்குப் புடிச்சாங்க. அன்னன்னைக்கே எழுதணும், ஞாயித்துக்கிழமை உக்காந்து மொத்தமா எழுதினா பின்னாடி விசாரணையில நிக்காது. வாரத்துக்கு ஒரு தடவை அதை போட்டோ எடுத்து வேலை இடத்துக்கு சம்பந்தமே இல்லாத ஒருத்தர்கிட்ட அனுப்பி வைங்க, ஏன்னா ஜாகை முதலாளி குடுத்ததா இருந்தா நோட்டு காணாமப் போறதுக்கு ரொம்ப நேரம் ஆகாது. கூடைக்குக் கூலின்னா கூடை எவ்ளோ நிறையணுங்கறதையும் எழுதுங்க. ஃபுளோரிடாவுல தக்காளி பறிக்கிறவங்களுக்கு ஒரு வாளிக்கு 32 பவுண்டு எடைக்குத்தான் காசு, ஆனா மேல கும்பாச்சியா குவிச்சாத்தான் டோக்கன் குடுப்பாங்க, அந்தக் குவியலுக்கு யாரும் காசு குடுக்கல. தொழிலாளிங்க சேந்து போராடித்தான் பின்னாடி அதை ஒழிச்சாங்க.

வெயிலும் விஷமும்

இதுல கொஞ்சம் நிதானமா இருங்க, தப்பாச் சொன்னா உயிர் போற விஷயம். வெயில்ல உழைக்கிற ஆளுக்கு மணிக்கு கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி வேணும், ஒரேயடியா இல்ல, கால் மணி இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர். கலிஃபோர்னியா 2005-ல வெளிய வேலை செய்றவங்களுக்கு வெயில் விதிமுறை கொண்டு வந்துச்சு, இப்ப அதுல ஆளுக்கு மணிக்கு ஒரு லிட்டர் அளவு தண்ணி, 27 டிகிரி செல்சியஸ் தாண்டினா நிழல், 35 டிகிரி ஆச்சுன்னா விவசாய வேலைக்கு ரெண்டு மணிக்கு ஒரு தடவை 10 நிமிஷம் கட்டாய ஓய்வுன்னு எழுதியே இருக்கு. உங்க நாட்டுல இப்படி ஒரு விதி இல்லன்னாலும் கோரிக்கை எழுதும்போது "போதுமான தண்ணி"ன்னு எழுதாம இதே மாதிரி நம்பரோட எழுதுங்க, போதுமான அளவுங்கறதுக்கு முதலாளி ஒரு அர்த்தம் வச்சிருப்பார்.

புதுசா வந்த ஆளை ரொம்ப கவனிங்க. உடம்பு வெயிலுக்குப் பழகுறதுக்கு ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும், வெயில்ல சாகுறவங்கள்ல நிறைய பேர் வேலைக்குச் சேந்த மொதல் சில நாள்லயே விழுந்தவங்கதான். மொதல் நாள் அஞ்சுல ஒரு பங்கு வேலை, அப்புறம் தினம் ஒரு பங்கு கூட்டறதுன்னு சொல்றாங்க. யாராவது பேச்சு குழறி, சம்பந்தமில்லாம உளறினா அது அசதி இல்ல, உடனே நிழலுக்குத் தூக்கிட்டுப் போங்க, உடம்பு முழுக்க தண்ணி ஊத்துங்க, விசிறுங்க, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. நினைவில்லாத ஆளு வாயில மட்டும் எதையும் ஊத்தாதீங்க.

அப்புறம் பூச்சி மருந்து. மருந்து அடிக்கிறோம், மருந்து வாங்கிட்டு வரோம்னு நாம பேசிப் பேசியே அது என்னங்கறது மறந்து போச்சு, அதனால கூட்டத்துல நான் மருந்துன்னு சொல்றதையே விட்டுட்டு விஷம்னுதான் சொல்றேன், மத்தவங்களும் ஒரு மாசத்துல மாறிடுறாங்க, மாறினதும் கேக்குற கேள்வியும் மாறிடுது. எந்த விஷம், எப்ப அடிச்சாங்க, எத்தனை மணி நேரம் கழிச்சு உள்ள போகலாம். டப்பா லேபிள்லயே பல நாடுகள்ல இந்தக் காத்திருக்க வேண்டிய நேரம் போட்டிருக்கும், அதை யாரும் நம்மகிட்ட காட்டமாட்டாங்க, போன்ல போட்டோ எடுத்துடுங்க. எச்சில் ஒழுகுறது, கண்ணீர், வாந்தி, பார்வை மங்குறது, தசை துடிக்கிறது, கண்ணு பாப்பா ஊசி முனையாட்டம் சுருங்குறது, இதெல்லாம் வந்தா துணியைக் கழட்டி சோப்புப் போட்டு நல்லா கழுவிட்டு, வாந்தி எடுக்க வைக்காம, அந்த லேபிள் போட்டோவோட டாக்டர்கிட்ட ஓடுங்க. லேபிள் இல்லாம போனா ஏதோ சாப்பாடு ஒத்துக்கலன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. விஷம் அடிக்கிற ஆளுங்களுக்கு சீசன் தொடங்குறதுக்கு முன்னாடியே கோலினெஸ்டரேஸ்னு ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்து வச்சுட்டா, விஷம் உடம்பைப் பாதிச்சிருக்கான்னு பின்னாடி ஒப்பிட்டுப் பாக்கலாம், பக்கத்துல இருக்குற டாக்டர் ஒருத்தரை இதுக்காகவே சிநேகம் புடிச்சு வைங்க. வேலைத் துணியைப் புள்ளைங்க துணியோட சேத்து ஊற வைக்காதீங்க.

ஃபுளோரிடாவுல அபாப்கா ஏரிக்கரையில பல வருஷமா காய்கறிப் பண்ணை நடந்துச்சு, 1990கள் கடைசியில அரசாங்கம் நெலத்தை வாங்கிப் பண்ணையை மூடிடுச்சு, தண்ணி தேக்கினாங்க, நூத்துக்கணக்குல பறவைங்க செத்து விழுந்துச்சு, பழைய பூச்சிக்கொல்லிதான் காரணம்னு கண்டுபுடிச்சாங்க. பறவைக்கு நடந்த அளவுக்கு அந்த மண்ணுல வருஷக்கணக்கா நின்னு வேலை செஞ்சவங்களுக்கு ஆராய்ச்சி நடக்கல. கடைசியில அந்தத் தொழிலாளிங்களே செத்துப்போன தங்க ஆளுங்க ஞாபகமா ஆளுக்கு ஒரு துண்டுத் துணி தைச்சு, ஒட்டுப்போட்டு போர்வையாக்கி, ஊர் ஊரா கொண்டு போய்க் காட்டினாங்க. இதை நினைச்சா எனக்கு இன்னமும் ஆறல. நம்ம நோவை நாமதான் எண்ணி வைக்கணும், வேற யாரும் எண்ணமாட்டாங்க.

மொதல் கோரிக்கை

மொதல்ல கேக்கறது சின்னதா இருக்கணும், எல்லாரும் விரும்பறதா இருக்கணும், முதலாளி நெனச்சா ஒரு வாரத்துல செஞ்சிட முடியணும், செஞ்சா எல்லார் கண்ணுக்கும் தெரியணும். குளுந்த தண்ணி டிரம், வயலோரமா ஒரு கழிப்பறை, சாப்பிட ஒரு நிழல். கூலி உயர்வை மொதல் கோரிக்கையா வச்சுத் தோத்தவங்களைப் பாத்திருக்கேன், தோத்த பிறகு ஆளைத் திரும்பச் சேக்குறது ரொம்பக் கஷ்டம்.

கேக்கப் போறப்ப ஒருத்தரா போகவே கூடாது. எட்டு பத்து பேர், யாரு மொதல்ல பேசறது, யாரு நேரத்தையும் பதிலையும் எழுதறது, மேஸ்திரி கத்தினா யாரு "நாங்க எல்லாரும் சேந்துதான் வந்திருக்கோம்"னு சொல்றதுன்னு முன்னாடி நாள் ராத்திரி நடிச்சே பாத்துடுங்க, ஒருத்தர் மேஸ்திரியா நின்னு நல்லா கத்தட்டும். கோரிக்கை எழுதின தாள்ல கையெழுத்தை வட்டமா போடுங்க, யாரு மொதல்ல போட்டாங்கன்னு தெரியக் கூடாது. பதிலுக்கு ஒரு தேதி கேட்டு வாங்குங்க.

பழிவாங்குவாங்கங்கறதை முன்னாடியே பேசிடணும், மறைச்சு வைக்காதீங்க. யாராவது ஒருத்தரை மறுநாள் வண்டியில ஏத்தலன்னா மீதி ஆளுங்க என்ன பண்ணுவாங்க? 1996-ல ஃபுளோரிடாவுல இம்மோகலீங்கற ஊர்ல தண்ணி குடிக்கப் போனதுக்காக ஒரு சின்னப் பையனை மேஸ்திரி அடிச்சு ரத்தம் வர வச்சுட்டான். அந்த ரத்தச் சட்டையைக் கொடி மாதிரி தூக்கிட்டு நூத்துக்கணக்கான பேர் ராத்திரியில அந்த மேஸ்திரி வீடு வரைக்கும் நடந்தாங்க, மறுநாள் காலையில அவன் வண்டியில யாரும் ஏறல. அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே, 1993-லேருந்தே, அங்க ஆளுங்க வாராவாரம் கூடிப் பேசிட்டு இருந்தாங்க, அதனாலதான் ஒரே ராத்திரியில அது முடிஞ்சுது.

சட்டத்தைப் பத்தி சுருக்கமா. சர்வதேச தொழிலாளர் அமைப்போட 11-ம் ஒப்பந்தம் 1921-லயே வந்துச்சு, ஆலைத் தொழிலாளிக்கு சங்கம் சேர என்ன உரிமையோ அதே உரிமை விவசாயத் தொழிலாளிக்கும் உண்டுன்னு. 2001-ல வந்த 184-ம் ஒப்பந்தம், உடனடியா பெரிய ஆபத்துன்னு நியாயமான காரணத்தோட நம்பினா வேலையை விட்டு விலகி நிக்கலாம், அதுக்காக தண்டிக்கக் கூடாதுன்னு சொல்லுது. உங்க நாடு இதுல கையெழுத்துப் போட்டிருக்கான்னு பாருங்க. அதே சமயம் பொதுத் தொழிலாளர் சட்டம் நமக்கும் பொருந்தும்னு எடுத்துக்காதீங்க, அமெரிக்காவுல 1935-ல சங்க உரிமை குடுத்த சட்டமே விவசாயக் கூலிகளை வெளிய விட்டுட்டுத்தான் வந்துச்சு. வக்கீல்கிட்ட "விவசாய வேலைக்கு இது பொருந்துமா, குடியேற்றக் காகிதம் இல்லாம வந்தவங்களுக்குப் பொருந்துமா"ன்னு குறிப்பா கேளுங்க.

மேஸ்திரி, முதலாளி ரெண்டு பேர்கிட்டயும் பணம் இல்லன்னா, சரக்கை வாங்கறது யாருன்னு பாருங்க. இம்மோகலீ ஆளுங்க 2001-ல, தக்காளி வாங்குற டாக்கோ பெல்ங்கற பெரிய உணவகக் கம்பெனியைப் புறக்கணிக்கச் சொல்லி இறங்கினாங்க, கேட்டது தக்காளி பவுண்டுக்கு ஒரு சென்ட் அதிகம், அவ்ளோதான். நாலு வருஷம் கழிச்சு 2005-ல கம்பெனி ஒத்துக்கிச்சு. 2011-ல அது ஃபுளோரிடா தக்காளிப் பண்ணைகள் பூரா ஒரு திட்டமா பரவினப்ப கூடவே புகார் சொல்ல 24 மணி நேர போன், நேர்ல வந்து பாக்குற தணிக்கை, மீறின பண்ணையில வாங்கறதை நிறுத்துற விதி எல்லாம் வந்துச்சு. ஒப்பந்தம் போடும்போது மீறினா என்ன ஆகும்னு ஒரு வரி இல்லன்னா கையெழுத்துப் போடாதீங்க.

சாப்பாடு

காய் பறிக்கிறவங்க வீட்டுல காய் இல்லங்கறதுதான் இதுல ரொம்ப வலிக்கிற விஷயம். சாப்பாட்டு வேலையை தர்மமா நினைக்காதீங்க, அது சங்கத்தோட முதுகெலும்பு. மிஸிஸிப்பியில ஃபேனி லூ ஹேமர்னு ஒரு அம்மா, ஓட்டுரிமைக்குப் பதிவு பண்ணப் போனதுக்காக 1962-ல வேலை செஞ்ச பண்ணையிலேருந்து வெரட்டப்பட்டவங்க, 1969-ல நெலம் வாங்கி ஒரு கூட்டுறவுப் பண்ணை ஆரம்பிச்சாங்க. அங்க பன்றி வங்கின்னு ஒண்ணு, குடும்பத்துக்கு ஒரு பெண் பன்றி குடுப்பாங்க, அது போட்ட குட்டியில ரெண்டைத் திருப்பிக் குடுத்தா அது அடுத்த குடும்பத்துக்குப் போகும். வீட்டுல சாப்பாடு இருந்தா முதலாளி மிரட்டலுக்கு ஒரு மாசம் தாக்குப் புடிக்கலாம், அவ்ளோதான் கணக்கு.

உங்களால நெலம் முடியலன்னா மொத்த விலையில சேந்து வாங்குங்க, பத்துக் குடும்பம் சேந்தாலே விலை இறங்கும். இம்மோகலீ சங்கமும் இப்படி ஒரு கூட்டுறவுக் கடை நடத்தியிருக்காங்க. காய் பங்கு போடறதுக்கு முன்னாடி அவங்க ஜாகையில அடுப்பு இருக்கா, ஃபிரிட்ஜ் இருக்கான்னு பாத்துடுங்க, ஒரு அறையில எட்டு பேர் படுத்து எந்திரிக்கிற இடத்துல ஒரு மூட்டை காய் குடுத்தா ரெண்டு நாள்ல அழுகிடும், அந்த மாதிரி இடத்துக்கு மொதல்ல பொது அடுப்புதான் வேணும். தோட்டம் போடறதா இருந்தா பக்கத்து வயல் விஷம் காத்துல வந்து படியாத இடமா பாருங்க, மண்ணைப் பரிசோதிச்சுடுங்க, ஒரு மாசத்துல பறிக்கிற கீரை வகையா மொதல்ல போடுங்க, கண்ணுல பச்சை தெரிஞ்சாத்தான் ஆளு நிக்கும். அறுவடை நேரத்துல எல்லாரும் வேலைக்குப் போயிட்டா யாரு தண்ணி ஊத்தறதுங்கறதை விதை போடறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க, வேலையை விட்டு நின்ன பெரியவங்க இதுல நல்லா கை குடுப்பாங்க, அவங்களுக்கும் ஒரு மரியாதை.

சீசன் முடிஞ்சா பாதிப் பேர் அடுத்த ஊருக்குப் போயிடுவாங்க. போறதுக்கு முன்னாடி கடைசிக் கூடல்ல நோட்டோட நகல், போன் நம்பர் பட்டியல், உடம்பு வரைபடம் மூணையும் மூணு வெவ்வேற ஆள்கிட்ட குடுங்க, அதுல ஒருத்தராவது வருஷம் பூரா அதே இடத்துல இருக்கறவரா இருக்கட்டும். கிளம்புறவங்ககிட்ட அவங்க அடுத்து போற பண்ணைப் பெயரைக் கேட்டு எழுதிக்கோங்க, அங்க போனதும் தண்ணி எப்படின்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் போடச் சொல்லுங்க.